ஆபீஸர் மாப்பிள்ளை

மகனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் வந்த பொன்மலை ரயில்வே போர்மேன் வீராசாமி, தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன் தங்கச்சி லட்சணமாத்தான் இருக்கு. ஆனா நீ லண்டன்ல நர்ஸுன்னு தரகர் சொல்லலையே! கண்டவன் பீ மூத்திரம் அள்ளுறவ வீட்ல எப்படிம்மா பொண்ணு எடுக்கிறது?"

உள்ளே தங்கை விசும்புவது, லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த மருதாம்பாளுக்குக் கேட்டது.

"அங்க அது கௌரவமான வேலைங்க."

"எது? வெள்ளைக்காரனெல்லாம் உன்னை 'டார்லிங்'னு கூப்பிடுறதா?"

"கிழவிங்களும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. எனக்கும் முதல்ல கோபம்தான். அது அந்த ஊர்ப் பேச்சுங்க."

"என் மகன் தனபாலும் லண்டன்லதான் இருக்கான். பி.ஏ. படிச்ச ஆபீஸர்! இப்படி ஒரு சொந்தம்னு வெளியில எப்படிச் சொல்லுவான்?"

மருதாம்பாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்னு தனபால்கிட்ட நானே சொல்லிடறேன். என் வார்டுலதான் பெட்பேன் கழுவுறாரு, அதே பீ மூத்திரம்தான். முகம் சுளிக்காத பிள்ளை. அப்பாவுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் சாவார்னுதான் ஆபீஸர்னு எழுதினாராம்."

வீராசாமி தோளில் கிடந்த துண்டை உருவினார்.

"அப்படியெல்லாம் எதுவும் பண்ணிடாதீங்க. கொள்ளி போட உங்க மகனுக்கு நான் லீவு குடுக்க மாட்டேன்."