பன்னிரண்டு நிமிஷம்

"இதைத் திருப்பி எடுத்துக்கங்க மேடம்."

ஜெகதீஷ் வைத்த வேகத்தில் அந்தச் சின்ன டப்பா மேசைமேல் சறுக்கி, சத்யப்ரியாவின் கீபோர்டில் இடித்து நின்றது.

ஓசூர் பாகலூர் ரோட்டில் முதல் மாடியில் இருக்கும் காது மிஷின் கடை அது. காதைச் சோதித்து மிஷின் பொருத்தித் தருவது சத்யப்ரியாவின் வேலை. டப்பாவைத் திறந்து பார்த்தாள். இரண்டு காதுக்குமான மிஷின்கள் புதுசு மாதிரியே இருந்தன.

"என்ன சார், சரியா கேக்கலையா?"

"கேக்குதா இல்லியான்னு மாட்டினாத்தானே தெரியும்? எங்கப்பா மாட்டறதே இல்ல. காலையில ஆறு மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கெளம்பறப்பவும் டப்பாவுல இருக்குது. ராத்திரி பத்து மணிக்கு வர்றப்பவும் டப்பாவுல இருக்குது. தொண்ணூத்திரெண்டாயிரம் மேடம்! போனஸ் மொத்தமும் இதுல போயிருச்சு."

அவன் வயிற்றெரிச்சல் நியாயம்தான். போன மாதம் இதே கடையில் அப்பா விலைப் பட்டியலில் நாற்பதாயிரத்தைத் தொட்டுக் காட்டியபோது, "அவருக்கு நல்லதாவே குடுங்க" என்று பேரம்கூடப் பேசாமல் கார்டை நீட்டியவன். எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள்?

அப்பா கோவிந்தப்பன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மிஷின்களோடு நின்று, காதை அங்கேயே விட்டுவிட்டு ரிட்டயர் ஆனவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது.

ஜெகதீஷ் அவரைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் ஆட்டினான். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது பிரஸ் ஷாப் பாஷை மேடம்," என்றான் கொஞ்சம் பெருமையாக. "அங்க கத்தினாலும் கேக்காதில்ல, எல்லாமே கைதான். எங்களுக்கும் பழக்கி விட்டுட்டாரு. சோறு, தண்ணி, கேஸ் சிலிண்டரு, எல்லாத்துக்கும் ஒரு சைகை இருக்குது. எம் பொண்டாட்டி மேகலாகூட ஒரே வாரத்துல கத்துக்கிட்டா."

சத்யப்ரியா பெரியவருக்கு மிஷின்களை மாட்டிவிட்டாள்.

"ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குதும்மா."

"தெனமும் மாட்டறீங்களா?"

பெரியவர் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். "மாட்டறேம்மா. குளிக்கறப்ப, தூங்கறப்ப மட்டும் கழட்டி வெச்சிருவேன். நீதானேம்மா சொன்ன?"

"சும்மா சொல்றாரு மேடம். நான் திட்டுவேன்னு பயம். முப்பது நாளுக்குள்ள குடுத்தா பணம் வாபஸ்னு சொன்னீங்க. இன்னிக்கி இருபத்தெட்டு."

சத்யப்ரியாவுக்கு இது புதுசல்ல. ஆசை ஆசையாக வாங்கி, ஒரே வாரத்தில் பீரோவில் பூட்டி வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பெரியவரும் அந்த ரகம்தான் என்று அவளுக்கும் பட்டது.

"பாத்துரலாம் சார். எத்தனை மணி நேரம் மாட்டினாங்கன்னு மிஷினே குறிச்சு வெச்சுக்கும்."

கம்ப்யூட்டரோடு இணைத்தாள். திரையைப் பார்த்தவள், ஜெகதீஷ் பக்கம் அதைத் திருப்பினாள்.

"சராசரியா ஒரு நாளைக்கு பதிமூணு மணி நேரம் மாட்டியிருக்காங்க. நீங்க கெளம்பினதும் மாட்டி, வர்றதுக்கு முன்னாடி கழட்டிட்டுத் தூங்கப் போயிருக்காங்க."

ஜெகதீஷின் முகம் சுருங்கிப் போனது. "சாரிப்பா," என்று வாயாலேயே சொல்லியிருக்கலாம், மிஷின் அப்பா காதில்தான் இருந்தது. அவன் பழக்கத்தில் நெஞ்சைத் தொட்டுச் சைகைதான் காட்டினான். பெரியவர் பரவாயில்லை என்று கையை அசைத்தார்.

சத்யப்ரியா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம்?"

"காதுல விழுந்த சத்தத்தையும் இது பிரிச்சுக் காட்டும் சார். வண்டிச் சத்தம், அமைதி, பேச்சுன்னு. இதுல பேச்சு, நாளுக்கு வெறும் பன்னெண்டு நிமிஷம்னு காட்டுது. வீட்ல டிவி ஓடாதா?"

"ரீசார்ஜ் பண்ணி ஒரு வருஷமாச்சு. ஆளுக்கொரு போன் இருக்குதே."

"அக்கம்பக்கம்?"

"எங்க லேஅவுட்ல காலையில ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் வீட்டப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருவாங்க மேடம். மேகலாவும் எங்கூடத்தான் வேலைக்குக் கெளம்பறா."

"ஞாயித்துக்கிழமை?"

"நானும் மேகலாவும் கிருஷ்ணகிரியில மாமியார் வீட்டுக்குப் போயிருவோம்."

ஒரு மனுஷனுக்கு ஒரு நாள் முழுக்கப் பன்னிரண்டு நிமிஷம். ஜெகதீஷ் அவசரமாகக் கணக்குப் போட்டான்.

"அந்தப் பன்னெண்டு நிமிஷம் நாங்கதான் மேடம். ராத்திரி வந்ததும் நானும் மேகலாவும் ஏதாச்சும் பேசுவோம். அவ்ளோதான் நேரம் கெடைக்குது."

"நீங்க ராத்திரி வர்றப்ப மிஷின் டப்பாவுல இருக்கும்னு சொன்னீங்களே சார்."

ஜெகதீஷ் திரையை இன்னும் கிட்டே இழுத்து அந்த எண்ணை மறுபடியும் படித்தான். கீழே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

இருவர் முகத்தையும் பார்த்த கோவிந்தப்பனுக்கு வேறு பயம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"மிஷின் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. திருப்பி வாங்கிக்காத."

"வாங்கிக்க மாட்டேன் ஐயா," என்றாள் சத்யப்ரியா மெதுவாக. "ஆனா அந்தப் பன்னெண்டு நிமிஷம் உங்ககிட்டப் பேசறது யாரு?"

பெரியவர் மகனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா. மிஷின் வேலை செய்யுதான்னு தெரியணுமில்ல? அப்பப்ப, 'கோவிந்தப்பா, சாப்பிட்டியா?'ன்னு நானே கேட்டுக்குவேன்."