கொக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

ஏரிக்கரையில் விரிசல் விழுந்திருப்பதை அணில் பார்த்தது. கரைக்குக் கீழே பள்ளத்தில் எறும்புப் புற்று இருந்தது. எழுத்தில் வராத எதையும் அந்த எறும்புகள் நம்புவதில்லை. அணிலுக்கோ எழுத வராது. அது கொக்கிடம் ஓடியது.

"கரை உடையப்போகுது, உடனே மேட்டுக்குப் போங்கன்னு எழுதிக் குடுங்கண்ணே."

"இப்படி மொட்டையாவா எழுதுவாங்க? ஒரு மரியாதை வேண்டாமா?" என்ற கொக்கு, அலகால் ஒரு பூவரச இலை நிறைய எழுதிக் கொடுத்தது.

தலைமை எறும்பு அதைச் சத்தமாக வாசித்தது. "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுவது யாதெனில், நீர்நிலை சார்ந்த தற்போதைய சூழலைக் கருத்தில் கொண்டு, உரிய இடமாற்றம் குறித்துப் பரிசீலிக்குமாறு..."

"யாருக்கு இடமாற்றம்?" என்றது ஓர் எறும்பு.

"ஏரிக்கா இருக்கும்," என்றது இன்னொன்று.

தான் சொன்னது இதைத்தானா என்று அணிலுக்கே குழம்பியது. "தண்ணி வருதுங்க!" என்று கத்தியது.

தலைமை எறும்பு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அப்படி இதுல எங்கேயும் இல்லையேப்பா. ஆனா எழுத்து பிரமாதம். கசங்காம வைக்கணும்."

எறும்புகள் இலையைப் பதமாகச் சுருட்டி, முட்டைகள் இருந்த அடி அறைக்கு இறக்கத் தொடங்கின.