செம்மண் மேட்டில் ஒரு ராணி

மூன்றாவது முறையும் மண்கூடை சரிந்து, புவனாவின் முகமெல்லாம் செம்மண். கந்தல் புடவையால் துடைத்துக்கொண்டு கூடையை மறுபடி நிரப்பினாள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

“சும்மாடு இல்லாம தூக்குனா எப்படி நிக்கும்?”

திரும்பினாள். தைலமரங்களுக்கு நடுவே, பட்டும் கிரீடமும் ஒட்டியாணமுமாக ஒரு சோழ ராணி! கையில் செல்போன்.

புவனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒன்றும் கூலிக்காரி அல்ல. சுரங்க அலுவலகத்தில் இன்ஜினியர். அந்தக்கால மனிதர்களைப் போல வேஷம் கட்டி, கேமராவில் டைமர் வைத்துத் தன்னைத்தானே படமெடுப்பது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இன்றைக்கு, முதன்முதலில் சுரங்கம் வெட்டியபோது மண் சுமந்த பெண். நெய்வேலி போட்டோ கண்காட்சிக்குப் படம் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.

“நீங்களும் போட்டோவுக்குத்தானா மேடம்?” என்றாள், கூச்சத்தோடு.

“ஆமா. பண்ருட்டி நாடகக் கடையில வாடகைக்கு எடுத்த டிரெஸ். செங்கல்லுல சாய்ச்சு வச்சா செல்லு விழுந்துகினே இருக்கு.”

“அப்பாடா! ஊர்ல நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேன். ஆபீஸ்காரங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் மேடம்.”

ராணி வாயை மூடிச் சிரித்தாள். கீழே கிடந்த துண்டை எடுத்தாள். இரண்டே முறுக்கில் சும்மாடு தயார். புவனாவின் தலையில் வைத்துக் கூடையை ஏற்றினாள்.

“கழுத்தை விறைக்காதீங்க. கண்ணு தூரமாப் பாக்கட்டும். ம்... இப்ப நடங்க.”

புவனா டைமரைத் தட்டிவிட்டு நடந்தாள். கேமரா ‘க்ளிக்’ என்றது. படத்தைப் பார்த்த புவனா துள்ளிக் குதித்தாள். அதில் புவனாவே இல்லை. அந்தக் காலத்துப் பெண்தான் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

“எப்படி மேடம் இவ்ளோ கரெக்டா?”

“ராணின்னா எல்லாம் தெரிஞ்சிருக்க வேணாமா?”

“சரி, இப்ப உங்க முறை. என் கேமராவுலயே எடுத்துக்குங்க. பட்டனை அமுக்கிட்டுப் போய் நில்லுங்க, பத்து செகண்ட் இருக்கு.”

ராணி ஓடிப்போய் மேட்டின் மேல் நின்றாள். உடுப்பெல்லாம் பிரமாதம்தான். தலை மட்டும் தாழ்ந்து தாழ்ந்து போனது.

“தலையைத் தூக்குங்க மேடம்! யாருக்குப் பயம்? நேரா என்னைப் பாருங்க!”

ராணி நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். க்ளிக்!

“அசத்திட்டீங்க! உங்க பேரு?”

“தமிழ்நிலா.”

“என்ன அழகான பேரு! இவ்ளோ நாளா உங்களைத் தெரியாமப் போச்சே. ரெண்டு படத்தையும் இன்னைக்கே பிரிண்ட் போட்டுடறேன். உங்களுக்கு எங்க கொண்டுவந்து கொடுக்கட்டும் மேடம்?”

ராணி கிரீடத்தைக் கழற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

“நீங்க எதுக்கு அலையணும்? காலையில ஆபீஸ்ல உங்க ரூமைக் கூட்ட வருவேன்ல, அப்பக் குடுங்க மேடம்.”