படுக்கையறையில் ஒரு கூட்டம்

குராமோச்சி வீட்டு வாசலில் ஏழு ஜோடி கறுப்பு ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஏழு பேர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, தரையில் விரித்த மெத்தையைச் சுற்றித் தலைகுனிந்து மண்டியிட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் ஓடிப்போய் ஒரு கொத்து வெள்ளைச் சாமந்தி வாங்கி வந்தாள்.

"அவர் உயிரோடதான் இருக்கார்," என்றாள் குராமோச்சியின் மனைவி சுசுயோ. "தூக்கம்தான் வரல."

"அப்ப இந்தப் பூவ என்ன பண்றது?"

"குடுங்க, ஜாடியில வைக்கிறேன். உக்காந்து டீ சாப்பிட்டுப் போங்க."

குராமோச்சி தூங்கி இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கைப்பையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார். வியாழக்கிழமை ரயில் வரும்போது பிளாட்பாரத்தில் தள்ளாட, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். டாக்டரோ மாத்திரை கூடாது, இயற்கையாகவே வரட்டும் என்றுவிட்டார்.

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சு சார்," என்று அந்த ஏழு பேரில் ஒருவரான அலுவலக மேனேஜர் நுகாடாவிடம் சொன்னாள் சுசுயோ. "மத்தியானத்துக்கு மேல காபி கிடையாது. போன் அடுத்த ரூம்ல. சாயங்காலம் நடை. வெந்நீர்ல காலை வச்சு..."

"எத்தன டிகிரி?" என்றார் நுகாடா சட்டென்று.

"நாப்பத்தஞ்சு."

"ஜாஸ்தி. நாப்பதுதான் இருக்கணும். அதுவும் படுக்க ஒரு மணி நேரம் முன்னாடி."

"அதுவும் பாத்தாச்சு. கடைசியா எப்பத்தான் நல்லாத் தூங்கினீங்கன்னு கேட்டேன். போன மாசக் கூட்டத்துல, நீங்க அறிக்கை படிக்கும்போதுன்னார். அதான் உங்க எல்லாரையும் கூப்பிட்டேன்."

நுகாடா கோபப்படவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அட்டைப்பெட்டி விற்பனை அறிக்கையைப் பிரித்தார்.

ஐந்தாம் பக்கத்தில் கணக்கர் சாய்ந்தார். பத்தாம் பக்கத்துக்குள் மற்ற ஐந்து பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் குறட்டை விட, சுசுயோ டீத்தட்டின் மேலேயே கவிழ்ந்து தூங்கினாள்.

முப்பத்தெட்டாம் பக்கத்தை முடித்து நுகாடா நிமிர்ந்தார். மெத்தையில் இரண்டு கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் குராமோச்சி. "நீங்க எனக்குன்னே படிக்கிறீங்க. நான் எப்படிக் கண்ண மூடறது?"

நுகாடாவின் கண்கள் கலங்கின. "நான் படிக்க ஆரம்பிச்ச இந்தப் பதினோரு வருஷத்துல கடைசிப் பக்கம் வரைக்கும் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நாளையிலேருந்து நீ துணை மேனேஜர். கூட்டத்துல இனிமே நீதான் படிக்கணும்."

குராமோச்சி பதறி எழுந்து உட்கார்ந்தார். "சார், மாசத்துக்கு எனக்குன்னு இருந்ததே அந்த ஒரு தூக்கந்தான். நானே படிச்சா எப்ப சார் தூங்கறது?"

நுகாடா அறிக்கையை மடித்து அவர் கையில் வைத்தார்.

"நான் மட்டும் எப்படி மேனேஜர் ஆனேன்னு நெனைக்கிறே?"