பக்கத்து இருக்கை

காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து விழுகிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய சொந்தக் காருக்குப் புது பேட்டரியை மாட்டி முடிக்கிறார். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஈரத்துணியால் இருக்கையைத் துடைக்கும் மனைவி, "சோப்பு டப்பா மாதிரி இருக்கு. நம்ம ரெண்டு பேரையும் தாங்குமா?" என்று சிரிக்கிறாள். "ஏறித்தான் பாரேன்." ஏறுகிறாள். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் உறுமுகிறது. தெருவுக்கு வந்ததும் காற்று அவளுடைய நரைமுடியைக் கலைக்கிறது. அவளோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன அப்படிப் பாக்கற?" "உங்க பஸ்ல வர்றப்பல்லாம் உங்க முதுகைத்தானே பாத்துட்டு வருவேன்." அவர் கியரை மாற்றிய கையை எடுத்து அவள் கைமேல் வைக்கிறார். "ரோட்டைப் பாருங்க, டிரைவரே" என்கிறாள், கையை விலக்காமல்.