நாலு பேருக்குத் தெரிந்த சொல்

கிங்ஸ்லி மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"வேணாம் சார். அத மட்டும் கேக்காதீய."

மீரா முகைதீன் விடவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, மகனுடைய கூட்டாளியின் கையைப் பிடித்துத் தொங்கினார். பதினோரு மணிக்குக் கதவு திறக்கும். ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் ரத்த சொந்தத்துக்கு. ஐந்து நிமிடம்.

உள்ளே ரசீத் கிடந்தான். சேரன்மகாதேவி சாலையில் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தவன். மூன்று நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை.

மயக்க மருந்தை முந்தாநாளே நிறுத்தியாகிவிட்டது. கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், காதில் விழுகிறது என்பதற்கு ஒரு அடையாளமாவது இன்றைக்குள் தெரியவேண்டும் என்றார் டாக்டர். தெரியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

கூப்பிடாமலா இருந்தார்?

நேற்றுக் காலை மகன் காதருகே போய், "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். பார்க்க வந்த அத்தனை பேரும் வராந்தாவில் சொல்லிவிட்டுப் போன அதே வாக்கியம். வாய் வாயாக மாறிச் சக்கையாகிப் போனது. சொன்ன அவருக்கே அது உறைக்கவில்லை, மகனுக்கு எப்படி உறைக்கும்?

நேற்று மாலை வாத்தியார் மிடுக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "லே ரசீத், எந்திரிலே, வாப்பா வந்துருக்கேம்லா" என்று கெஞ்சினார். அடுத்த கட்டிலில் இன்னொரு தகப்பன் தன் மகனை அதே "எந்திரிலே" சொல்லித்தான் எழுப்பிக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் பேசுகிற பேச்சு அது. ரசீத்துக்கு மட்டும் என்று அதில் என்ன இருக்கிறது?

ரசீத்துக்கு மட்டும் என்று இருந்த பேச்சை அவர்தான் வீட்டுக்குள் விட்டதில்லை.

அவனும் கிங்ஸ்லியும் இன்னும் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு மாதிரி பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்றாலும் விளங்காது. "அந்தக் கண்றாவியச் செருப்போட சேத்து வாசல்ல விட்டுட்டு வா" என்பார். அவனும் விட்டுவிட்டுத்தான் வந்தான். கொஞ்ச நாளில் வீட்டுக்குள் அவனிடம் மிஞ்சியது 'சரி வாப்பா' ஒன்றுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கண்றாவிக்கு இலக்கணத்தில் மரியாதையான பெயர் உண்டு. குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் பிறருக்கு விளங்காதபடி தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு அதை நடத்தியவர் அவரேதான். ரசீத்தும் கிங்ஸ்லியும் அப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள்.

"ஏலே, என்ன சொன்னா அவன் எந்திப்பான்? அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. உன் கால்ல விழட்டா?"

சொன்னதோடு நிற்கவில்லை, குனிந்தேவிட்டார். கிங்ஸ்லி பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

கதவு திறந்தது. ரசீத் வீட்டு ஆள் யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"காரை வருது," என்றான் கிங்ஸ்லி, அவர் காதுக்குள். "சத்தமா சொல்லப்பிடாது சார். பையச் சொல்லணும். படித்துறைல எவ்வளவு அசந்து கெடந்தாலும், இதக் கேட்டா துள்ளி எந்திச்சு ஓடிருவான்."

காரை.

யானைப்பாகர்கள் துணிக்கு வைத்திருந்த சொல். வருஷம் தவறாமல் அவர் கரும்பலகையில் எழுதிப்போட்ட உதாரணம். அத்தனை கொட்டாவிக்கு நடுவிலும் அந்த ஒன்றைப் பிடித்து, பத்து வருஷமாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

யாருக்கு அந்தப் பெயர் என்று அவர் கேட்கவில்லை. கிங்ஸ்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே போனார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"லே... காரை வருது."

ஒன்றும் இல்லை. இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டது. நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. யா அல்லாஹ், இந்த ஒரு தடவை.

"காரை கிட்ட வந்துட்டுலே. ஓடிரு."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது காலில் பெருவிரல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, விரிப்பை இங்கும் அங்கும் தடவியது, செருப்பைத் தேடுவதுபோல.

அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். காலைப் பார்த்தாள். மணியை அடித்துவிட்டு, அப்படி என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

மீரா முகைதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் வாப்பா வாராவன்னு சொன்னேம்மா."