கால்வாய் மீன்

"பொய் மனுப்பா அது. நஷ்டஈடு கிடைக்கும்னு குப்பமே சேர்ந்து கைநாட்டு வெச்சிருக்கு," என்றார் சுப்பராயன்.

வீரராகவனுக்கு அசதியாக இருந்தது.

சுப்பராயன் அந்தச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர். வீரராகவன் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனி விடுகிற கழிவு, கால்வாய் வழியாக ஏரியில் விழுந்து மீனெல்லாம் கெட்டுப்போகிறது என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம் மனுப் போட்டிருந்தது.

கால்வாய்த் தண்ணீரைச் சோதித்ததில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. கம்பெனி எப்போது திறந்துவிடும், எப்போது மூடும், யார் கண்டது? தண்ணீர் ஓடிவிடும், மீன் உடம்பில் தங்கின விஷம் போகாது, அதனால் மீனைப் பார் என்று சுப்பராயன்தான் சொன்னார்.

மாசாமாசம் ரயில், பஸ், மிச்ச தூரம் மணலில் நடை. ஐஸ் பெட்டியில் மீன் வரும். அறுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. கைக்குழந்தைக்கே ஊட்டலாம் போல அவ்வளவு சுத்தமான மீன்.

"நாளைக்குக் கடைசியா ஒரு தடவை போய்ட்டு வா. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா, கம்பெனி மேல தப்பில்லேன்னு எழுதி முடிச்சுடலாம்."

அவனுக்கும் போதும் என்றுதான் இருந்தது. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் மீன் பெட்டி. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பெட்டி மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் குப்பத்தை விட்டே கிளம்புவான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவனைப் பார்த்ததும் குப்பாயி எழுந்து வந்தாள். ஆரம்பத்திலிருந்து மீன் கொடுப்பவள் அவள்தான். காசு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அவள் புருஷன் ராஜவேலு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் நடுங்கி நடுங்கி, நூல் கண்ணியில் நுழையவே இல்லை. காலையிலேயே சாராயம் என்று வீரராகவன் நினைத்துக்கொண்டான்.

"இன்னா சாமி, ஆளே வாடிப் பூட்ட," என்று கூடையைக் கொண்டுவந்து வைத்தாள் குப்பாயி. மடவை மீன். வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"கால்வாய் வாயில பிடிச்சதுதானே?"

"ஆமா சாமி. அங்கதான்."

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். அவனுக்குச் சலிப்பு மீறிக்கொண்டு வந்தது. உங்கள் மீனில் ஒரு குறையும் இல்லை, இனிமேல் நான் வரப்போவதும் இல்லை என்றான். இப்படி ஒரு மனுவைப் போட்டு எதற்கு எங்களை அலைய விட்டீர்கள் என்றும் கேட்டான்.

குப்பாயி முகம் சுண்டிப்போயிற்று.

"பொய் இல்ல சாமி. நீதான் பாட்டில்ல புடிச்சிக்கினு போறியே, அந்தத் தண்ணியப் பாத்தா தெரியலியா?"

"தண்ணியில தெரியலேம்மா. மீனை அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"எந்த மீன?"

"நீங்க குடுக்கற மீனைத்தான்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அறுக்கறியா? அப்ப ஊட்டுக்கு எடுத்துக்கினு போவலியா?"

"எங்க வீட்டுக்கா? மீனா?"

வலையிலிருந்து தலையைத் தூக்காமலே ராஜவேலு சிரித்தான். "சாமி மீனு துண்ணாதுன்னு நான் அப்பவே சொன்னேன், இவதான் கேக்கல."

குப்பாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நாமம் போட்ட மனுஷன் துண்டு போட்டு மூடி மீன் எடுத்துக்கொண்டு போனால் வேறு என்ன நினைப்பது என்றாள். வெளியே தெரிந்தால் அவனுக்குக் கஷ்டம், ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளாம்.

"கால்வா மீனே போதும்னு கேட்ட. நல்ல மீனு கேக்க கூச்சப்படறேன்னு நெனச்சிக்கினேன். அதான் இவரு மொவத்துவாரம் வரிக்கும் படகு தள்ளிக்கினு போயி, கடல் தண்ணி ஏர்ற எடத்துல புடிச்சாந்தாரு. மாசாமாசம் அப்படித்தான்."

வீரராகவன் கூடையைப் பார்த்தான். பிறகு ராஜவேலுவின் கையைப் பார்த்தான். கிட்டத்தில் போய் உட்கார்ந்தான். சாராய வாசனையே இல்லை.

"எத்தனை நாளா இப்படி நடுங்கறது?"

"அது கெடக்குது சாமி, ஒரு வருசமா," என்றான் ராஜவேலு.

வீரராகவன் மெதுவாகக் குப்பாயி பக்கம் திரும்பினான்.

"அப்போ, அந்தக் கால்வாய் மீனையெல்லாம் என்ன பண்றீங்க?"

"அது கிருஷ்ணாயிலு மாதிரி நாறும் சாமி. ஏவாரி தொடமாட்டான். அத எப்புடி உனக்குக் குடுக்கறது?" என்றாள் குப்பாயி. "அத நாங்க துண்ணுக்கினு கீறோம்."